அப்பாவின் வருமானம், பிள்ளையின் மேற்படிப்பு

டிகிரி ரிசல்ட் வந்துவிட்டால் சிக்கந்தராபாத்தை ஒட்டிய எங்கள் அல்வாலில் தமிழ்க் குடும்பங்கள் சந்திக்கிற இடமெல்லாம் ஒரே பேச்சுதான். வெங்கடேஸ்வரர் கோயில் பிரகாரத்திலும் அதே பேச்சு, ரைத்து பஜாரில் காய் வாங்கும்போதும் அதே பேச்சு. "பையன் எம்.எஸ்சி. படிக்கணுங்கிறான் சார், லோன் கிடைக்குமா? கவர்மென்ட்ல ஏதாவது தருவாங்களா?" பொதுத்துறை வங்கி ஒன்றில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தக் கேள்வி என்னைத் தேடி வந்துவிடும்.

ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் மனதில் பதிய வேண்டிய விஷயம். முதுநிலைப் படிப்புக்கான அரசு உதவியோ வங்கிக் கடனோ, முதலில் விசாரிப்பது உங்கள் பிள்ளையைப் பற்றி இல்லை. அப்பாவுக்கு என்ன வருமானம், குடும்பம் எந்த மாநிலத்தைச் சேர்ந்தது, சேரப்போகிற கல்லூரி எந்தப் பட்டியலில் இருக்கிறது: இந்த மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால்தான் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். இருபத்தொரு வயது முடிந்து, வாக்களித்து, சொந்தமாக வங்கிக் கணக்கு வைத்திருக்கும் ஒருவரை இன்னும் அப்பாவின் ரேஷன் கார்டுக்குள் வைத்துத்தான் நம் திட்டங்கள் பார்க்கின்றன. பள்ளிப் பிள்ளைக்கு இது பொருந்தும். மேற்படிப்புக்குப் போகிறவருக்கு எப்படிப் பொருந்தும்?

எங்கள் மாடி வீட்டுப் பெண்ணின் கதையைச் சொன்னால் புரியும். (பெயர் வேண்டாம். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் வேலூர்ப் பக்கம். கடைசி போஸ்டிங் திருமலகிரியில். ஓய்வுக்குப் பிறகு, பிள்ளைகளின் பள்ளி மாறக் கூடாது என்று அல்வாலிலேயே தங்கிவிட்டார். அல்வால், பொல்லாரம், லோதுகுண்டா பக்கம் இப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. பழைய மதராஸ் ராணுவத்தோடு சிக்கந்தராபாத் கண்டோன்மென்ட்டுக்கு வந்தவர்களின் வாரிசுகள் ஒரு பக்கம், இவரைப் போல நேற்று வந்தவர்கள் இன்னொரு பக்கம். பென்ஷனும், ஒரு அபார்ட்மென்ட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலையும் சேர்ந்து வருடத்துக்கு நாலே முக்கால் லட்சம் வருகிறது. பெண் பி.எஸ்சி. புள்ளியியலில் நல்ல மதிப்பெண். எம்.எஸ்சி. புள்ளியியல் படிக்க ஆசை.

ஒரு மாலை, பிளாஸ்டிக் ஃபோல்டரோடு இறங்கி வந்தாள். உள்ளே எல்லாம் வரிசையாக இருந்தது: பத்தாம் வகுப்பு மெமோ, இன்டர் மெமோ, டிகிரி மெமோ, போனஃபைடு, அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தக நகல், மீசேவா அரசு சேவை மையத்தில் வாங்கிய வருமானச் சான்றிதழ், வேலூரில் தாசில்தார் கொடுத்த சாதிச் சான்றிதழ். தமிழில் இருந்த அந்தக் கடைசித் தாளை இங்கே எம்.ஆர்.ஓ. (தாசில்தார்) ஆபீஸில் இருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இங்கே செல்லாதும்மா" என்று சொல்லியிருக்கிறார்.

அவர் சொன்னது சட்டப்படி சரி. பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ள சாதி தெலங்கானா பட்டியலில் இல்லையென்றால், இங்கே அந்தச் சலுகை கிடையாது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இதே நிலைதான். 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைத் தீர்த்து வைத்தது. ஆந்திரத்தில் பழங்குடியாக அங்கீகரிக்கப்பட்ட குடும்பத்து மாணவர், அப்பாவின் வேலைக்காக மும்பைக்குப் போய், அங்கே மருத்துவ இடம் கேட்டார். ஒரு மாநிலத்தில் உள்ள அந்தஸ்து இன்னொரு மாநிலத்துக்குக் கூட வராது என்று தீர்ப்பு. அன்று ஆந்திரத்திலிருந்து மும்பைக்குப் போனவருக்குச் சொன்னது, இன்று வேலூரிலிருந்து அல்வாலுக்கு வந்தவருக்கும் அப்படியே பொருந்துகிறது.

அதே பெண் கல்லூரி சீட்டுக்கு மட்டும் உள்ளூர்க்காரி. 1974ஆம் வருடத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, தகுதித் தேர்வு வரை தொடர்ந்து நான்கு வருடம் இங்கே படித்திருந்தால் மாநிலப் பல்கலைக்கழக இடங்களில் உள்ளூர் மாணவராகக் கருதப்படுவார். சீட்டுக்கு உள்ளூர், சலுகைக்கு வெளியூர். தமிழ்நாட்டில் போய்க் கேட்கலாமே என்றால், அங்கே அரசுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தால்தான் பல உதவிகள் கிடைக்கும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை ஒரு விதிவிலக்கு. எந்த மாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலத்தின் வழியாக அதற்கு விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

இங்கே பழையவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். தெலங்கானா பிறந்த கையோடு, 2014 ஜூலையில் 'ஃபாஸ்ட்' என்று ஒரு திட்டம் வந்தது. 1956 நவம்பர் 1க்கு முன்பே குடும்பம் தெலங்கானாவில் இருந்திருந்தால்தான் மாணவருக்குக் கட்டண உதவி என்றார்கள். பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்ட, தாத்தா எந்த வருடம் வந்தார் என்று நிரூபிக்க வேண்டிய நிலை. இரண்டு மூன்று தலைமுறையாகக் கண்டோன்மென்ட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களே பழைய வாடகை ரசீதைத் தேடித் தவித்தன. நீதிமன்றம் கேள்வி கேட்டது, எதிர்ப்பு வலுத்தது, 2015 தொடக்கத்தில் அரசே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நல்லது நடந்தது. ஆனால் ஒரு மாணவருக்கு உதவப் பாட்டன் வந்த தேதியைக் கேட்கலாம் என்று ஒரு அரசுக்குத் தோன்றியதே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, சாதிச் சான்றிதழ் பிரச்சினையே இல்லாத உள்ளூர் மாணவர் என்றே வைத்துக்கொள்வோம். தெலங்கானாவின் கட்டணத் திருப்பிச் செலுத்தும் திட்டம் உண்மையில் பெரிய காரியம். ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி காலத்தில், ஒன்றுபட்ட ஆந்திரத்தில் விரிவாக்கப்பட்டது. எத்தனையோ முதல் தலைமுறைப் பிள்ளைகளைக் கல்லூரிக்குள் கொண்டுவந்த திட்டம் அது. பிற்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு வருமான வரம்பு நகரத்தில் 2 லட்சம், கிராமத்தில் ஒன்றரை லட்சம். நகரத்து வரம்பையே மாதக் கணக்கில் பாருங்கள். பதினாறாயிரத்து அறுநூறு சொச்சம். இந்த ஊரில் ஒரு செக்யூரிட்டி வேலையும் ஒரு தையல் வேலையும் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். அரசுக் கவுன்சலிங் வழியான கன்வீனர் ஒதுக்கீட்டில் சேர்ந்திருக்க வேண்டும். மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. வருகைப் பதிவு 75 சதவீதம் இருக்க வேண்டும்.

எல்லாத் தகுதியும் இருந்து, ஈபாஸ் இணையதளத்தில் விண்ணப்பித்து, 'சாங்ஷன்' என்று திரையில் வந்தாலும் பணம் எப்போது வரும் என்பது வேறு விஷயம். அரசு கல்லூரிகளுக்குத் தர வேண்டிய பாக்கி வருடக் கணக்கில் சேர்ந்து, 2025 நவம்பர் தொடக்கத்தில் தெலங்கானாவின் தனியார் கல்லூரிகள் கதவை மூடிவிட்டு வேலைநிறுத்தமே செய்தன. அரசு ஒரு பகுதியைத் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் திறந்தன. கல்லூரிக்கு வராத பணத்தின் சுமை கடைசியில் மாணவர் தலையில்தான் விழுகிறது. "பீஸைக் கட்டிட்டு சர்டிபிகேட் வாங்கிக்கோ, கவர்மென்ட் பணம் வந்தா திருப்பித் தர்றோம்" என்கிறார்கள். வேலை கிடைத்து, சேர வேண்டிய தேதி நெருங்கி, அசல் சான்றிதழ் கைக்கு வராமல் தவித்த பிள்ளைகளை நேரில் பார்த்திருக்கிறேன். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018இலேயே அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காட்டிப் பேசினால் பல இடங்களில் பேச்சின் தொனி மாறும்.

மாடி வீட்டுப் பெண்ணுக்கு வருகிறேன். நாலே முக்கால் லட்சம் வருமானத்தில் மாநில உதவிக்கு வழியில்லை. முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்குப் பிரதமர் உதவித்தொகை இருக்கிறதே என்றேன். கேந்திரிய சைனிக் போர்டு வருடத்துக்கு 5,500 பேருக்குத் தருகிறது. பெண்களுக்கு மாதம் 3,000, ஆண்களுக்கு 2,500. விதிகளைப் படித்தபோது இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. முதல் தொழிற்கல்விப் பட்டத்துக்குத்தான் அந்த உதவி. முதுநிலையில் எம்பிஏ, எம்சிஏ இரண்டுக்கு மட்டும் உண்டு. எம்.எஸ்சி.க்குக் கிடையாது.

"அப்போ எம்பிஏ போனா கிடைக்கும், புள்ளியியல் படிச்சா கிடைக்காது. அப்படித்தானே அங்கிள்?" என்றாள்.

அப்படித்தான். யாருக்கு உதவி என்று மட்டும் இந்த விதிகள் தீர்மானிப்பதில்லை. என்ன படிக்கலாம் என்பதையும் சத்தமில்லாமல் அவைதான் தீர்மானிக்கின்றன. நன்றாகக் கணக்குப் போடும் ஒரு பெண்ணை, தனக்குப் பிடிக்காத மேலாண்மை வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைக்க மாதம் மூவாயிரம் ரூபாய் போதும்.

இனி வங்கிக் கடன். இங்கேதான் நான் அதிகம் பேச வேண்டும்.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் 2001இல் வந்தது. நான்கு லட்சம் வரை பிணையோ ஜாமீனோ கேட்கக் கூடாது, கைப்பணமும் போட வேண்டியதில்லை. ஏழரை லட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி துணை நிற்கிறது, எனவே சொத்தை அடமானமாகக் கேட்கத் தேவையில்லை. அதற்கு மேல் போனால் வீடு, நிலம், டெபாசிட் என்று செக்யூரிட்டி கேட்பார்கள். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். பிறகு 15 வருடம் வரை கட்டலாம்.

2024 நவம்பர் 6 அன்று மத்திய அமைச்சரவை 'பிஎம் வித்யாலட்சுமி' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. செய்தியைப் பார்த்து எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம். பிணையும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையான கடனுக்கு, தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டி மானியம். நாலரை லட்சத்துக்குள் வருமானம் உள்ளவர்கள் தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளில் சேர்ந்தால், அந்தக் காலத்து வட்டி முழுவதையும் ஏற்கெனவே உள்ள இன்னொரு திட்டத்தின் கீழ் அரசு ஏற்கிறது. ஆனால் வித்யாலட்சுமிக்கு ஒரு பட்டியல் உண்டு. தொடக்கத்தில் நாடு முழுக்க 860 கல்வி நிறுவனங்கள். தேசியத் தரவரிசையில் முதல் நூறுக்குள் வருபவை, இருநூறுக்குள் வரும் மாநில அரசு நிறுவனங்கள், மத்திய அரசு நிறுவனங்கள்.

இந்த இடத்தில்தான் பெற்றோர் ஏமாந்து போகிறார்கள். உஸ்மானியா பல்கலைக்கழகம் தரவரிசையில் இருக்கிறது, ஆகவே உஸ்மானியாவின் பட்டம் தரும் எந்தக் கல்லூரிக்கும் இந்தக் கடன் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கிடைக்காது. இணைப்புக் கல்லூரியின் பெயர் தனியாகப் பட்டியலில் இருக்க வேண்டும். பீஸ் கட்டுவதற்கு முன்பே அந்தப் பட்டியலைத் திறந்து கல்லூரியின் பெயரைத் தேடுங்கள்.

எங்கள் மாடி வீட்டுப் பெண்ணுக்கு இடம் கிடைத்த கல்லூரி பட்டியலில் இல்லை. வருமானம் நாலரை லட்சத்தைக் கொஞ்சம் தாண்டிவிட்டது. எல்லாக் கதவிலும் ஒரு விரற்கடை தூரத்தில் நின்றாள். சாதாரணக் கல்விக் கடனுக்கு ஒரு வங்கிக் கிளைக்கு அப்பாவும் பெண்ணும் போனார்கள். துணைக்கு நானும் போயிருந்தேன். மேலாளர் வயதில் சின்னவர், மரியாதையாகத்தான் பேசினார். "எம்.எஸ்சி. முடிச்சா பிளேஸ்மென்ட் இருக்காது சார். எம்பிஏன்னா பார்க்கலாம்." அப்புறம் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "பொண்ணுக்குக் கல்யாணம் ஆகிட்டா தவணையை யார் கட்டுவாங்க?"

பதில் சொல்லாமல் அப்பா எழுந்துவிட்டார். பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்த மனிதர். எனக்கு அன்று ஏற்பட்ட கோபம் இதை எழுதும்போதும் இருக்கிறது. கல்விக் கடன் வாங்குவது அந்தப் பெண். சம்பாதித்துக் கட்டப்போவதும் அவள்தான். அப்பா இணைக் கடனாளி மட்டுமே. கல்யாணம் ஆனால் யார் கட்டுவார்கள் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

இப்படி வாயால் மறுத்து அனுப்பினால் எழுந்து வந்துவிடாதீர்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, விண்ணப்ப எண்ணோடு போங்கள். கல்விக் கடனை மறுக்க வேண்டுமென்றால் கிளை மேலாளர் தன் மேலதிகாரியின் ஒப்புதலோடுதான் மறுக்க வேண்டும், காரணத்தையும் சொல்ல வேண்டும். எழுத்தில் கேளுங்கள். "உங்கள் வீடு எங்கள் சர்வீஸ் ஏரியாவில் இல்லை" என்று மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே சொல்லிவிட்டது. சிபில் ஸ்கோர் குறைவு என்பதற்காக மட்டும் மாணவரின் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. எழுத்தில் கேட்டதுமே பாதி மறுப்புகள் காணாமல் போவதை, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கடனுக்குத் தலையாட்டும் முன் கணக்கையும் பாருங்கள். இரண்டு வருடப் படிப்பு, வருடத் தொடக்கத்தில் மூன்று லட்சம் வீதம் ஆறு லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிப்புக்குப் பிறகு ஒரு வருட அவகாசம். தவணை தொடங்கும் நாளில் முதல் மூன்று லட்சத்துக்கு மூன்று வருட வட்டி 90,000, அடுத்த மூன்று லட்சத்துக்கு இரண்டு வருட வட்டி 60,000. ஆறு லட்சம் ஏழரை லட்சமாக நிற்கும். பத்து வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 9,900 ரூபாய். வட்டியை அரசு ஏற்றிருந்தால் அதுவே 7,900 தான். மாதம் இரண்டாயிரம் வித்தியாசம், பத்து வருடத்துக்கு. நாலரை லட்சம் வருமானம் உள்ள வீட்டுக்கு இந்தச் சலுகை உண்டு, நாலே முக்கால் உள்ள வீட்டுக்கு இல்லை. படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள், அசல் ஏறாது.

வேறு விதமாகச் செய்ய முடியாதா? முடியும். இங்கிலாந்தில் 2016இல் முதுநிலைப் படிப்புக்கென்று அரசுக் கடன் கொண்டுவந்தார்கள். தொடங்கும்போது 10,000 பவுண்டு, இப்போது 12,000க்கு மேல். அப்பா அம்மா வருமானத்தைக் கேட்பதில்லை. ஜாமீன் கேட்பதில்லை. படித்து முடித்தவர் வருடத்துக்கு 21,000 பவுண்டுக்கு மேல் சம்பாதித்தால், அந்த மேல்தொகையில் 6 சதவீதத்தைக் கட்டுகிறார். சம்பளம் இல்லையென்றால் தவணையும் இல்லை. வட்டி குறைவென்று சொல்ல மாட்டேன், மொத்தச் செலவுக்கும் அது போதாது. ஆனாலும் கேள்விகளை மாணவரிடம் கேட்கிறார்கள்.

நம் நாட்டிலும் அப்படிப்பட்டவை இல்லாமல் இல்லை. கேட் தேர்வில் தேறி எம்.டெக். சேர்ந்தவருக்கு மாதம் 12,400 ரூபாய் வருகிறது. அப்பா என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. யுஜிசியின் முதுநிலைத் தேசிய உதவித்தொகை மாதம் 15,000, வருடத்துக்குப் பத்து மாதம். பட்டப்படிப்பு மதிப்பெண்தான் கணக்கு. அருமையான திட்டம், ஆனால் இடங்கள் 10,000. 2021-22ஆம் வருடத்து அகில இந்திய உயர்கல்வி ஆய்வுப்படி நாட்டில் 4.33 கோடி பேர் உயர்கல்வியில் இருந்தார்கள், அதில் ஏறக்குறைய 12 சதவீதம் முதுநிலை. அதாவது ஐம்பது லட்சத்துக்கு மேல். ஐம்பது லட்சம் பேருக்குப் பத்தாயிரம் இடங்கள். வழி தெரிகிறது, அகலம்தான் போதவில்லை. அந்தப் பத்தாயிரத்தை இரண்டு லட்சமாக்குங்கள் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது. வருமான வரம்பை ஒரே வெட்டாக வைக்காமல், வருமானம் ஏற ஏற மானியம் படிப்படியாகக் குறையட்டும் என்றும் கேட்கலாம். ஒரு மாநிலத்தில் பத்து வருடம் படித்த பிள்ளைக்கு அந்த மாநிலமோ பூர்வீக மாநிலமோ, யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்றும் கேட்கலாம்.

மாடி வீட்டுப் பெண் எம்பிஏ சேர்ந்துவிட்டாள். ஐசெட் நுழைவுத் தேர்வு எழுதியிருந்தாள், கன்வீனர் சீட்டு கிடைத்தது, கடனும் கிடைத்தது. பிரதமர் உதவித்தொகைக்கும் விண்ணப்பித்திருக்கிறாள். நன்றாகவே படிப்பாள். ஆனால் நாட்டுக்கு ஒரு புள்ளியியலாளர் குறைந்துவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அடுத்த வருடம் பிள்ளையை முதுநிலைக்கு அனுப்பப் போகிறவர்களுக்கு: மத்தியப் பல்கலைக்கழகங்களை முதலில் பாருங்கள். கச்சிபௌலியில் ஹைதராபாத் பல்கலைக்கழகம் இருக்கிறது, தார்நாகாவுக்குப் பக்கத்தில் இஃப்லு இருக்கிறது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் பல படிப்புகளுக்கு சியுஇடி-பிஜி நுழைவுத் தேர்வு எழுதினால் போதும். கட்டணம் குறைவு, வித்யாலட்சுமி பட்டியலில் உண்டு. மத்தியப் பட்டியலில் உங்கள் சாதி இருந்தால், சொந்த ஊரில் மத்திய அரசுப் படிவத்தில் வாங்கிய சான்றிதழ் அங்கே செல்லும். நம் தமிழ்க் குடும்பங்களுக்கு அது பெரிய வசதி. வருமானச் சான்றிதழை மே மாதமே மீசேவாவில் போட்டுவிடுங்கள், ஜூலையில் கூட்டம் அலைமோதும். சேர்க்கைக் கட்டணம் கட்டும் முன்பே வங்கிக்குப் போங்கள். யாராவது வாயால் மறுத்தால், காரணத்தை எழுதித் தரச் சொல்லி வாங்கி வாருங்கள். அந்தத் தாளோடு என்னிடம் வந்தால் மேல்முறையீட்டுக் கடிதம் எழுதித் தருகிறேன்.